மிதவைக்கு ஒரு கோடு

ஏப்ரலில் பனிப்பாளம் உடைந்து விலகியதும்
ரோமசாரே துறைமுகத்தில்
மிதவைகளைத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறோம்.
இது புதிது. இரும்பு உருண்டை, ஆரம் ஒரு மீட்டர்,
தன்னளவு நீரின் எடையில் கால்பங்குதான் எடை.
நீர்மட்டம் வரை கறுப்பு, மேலே சிவப்பு.
"கோடு எங்கே வரும், உர்வே?" என்கிறார் வைனோ,
சாக்குக்கட்டியைக் கையில் உருட்டியபடி.

மீன்பெட்டி மூடியில் எழுதினேன்:
ஆழத்தின் முப்படியில்
அதன் வர்க்கத்தை மூன்று முறை கழித்து
ஒன்றைக் கூட்டினால் சுழி.

சுழியை வைத்தேன், ஒன்று மிஞ்சியது.
ஒன்றை வைத்தேன், ஒன்று குறைந்தது.
மிச்சத்திலிருந்து குறைக்கு இறங்குகிறவன்
நடுவே எங்கோ
தண்ணீரை மிதிக்காமல் போக முடியாது.
இருக்கிறது, அவ்வளவு நிச்சயம்.
பக்கத்து அறையில் ஆள் இருமுவது கேட்கிறது,
முகம் மட்டும் பார்த்ததில்லை.

அரை மீட்டர்: மிச்சம்.
முக்கால்: குறை.
அறுபத்தைந்து சென்டிமீட்டரில் மயிரிழை மிச்சம்,
அறுபத்தாறில் குறை.
இதற்குமேல் விரல் மரத்துவிட்டது.
எந்தப் பின்னத்திலும் அடங்காத எண் இது,
ஆயுள் முழுக்க இரு பக்கமும் நெருக்கினாலும்
கதவு முழுசாகச் சாத்தாது.

இன்னும் இரண்டு மூலங்கள் உண்டு.
ஒன்று சுழிக்குக் கீழே:
அங்கே உருண்டை நீரைத் தொடாமல்
அரை மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது.
மற்றொன்று இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே.
உருண்டையின் மொத்த உயரமே இரண்டு.
சமன்பாட்டுக்கு இரும்பைத் தெரியாது.
எனக்கு மட்டும் அக்டோபர் புயலில் போன
ஏழாம் எண் மிதவை ஞாபகம் வந்தது.
வைனோவிடம் சொல்லவில்லை.

"பெயின்ட் கெட்டியாகுது."
அறுபத்தைந்தில் சாக்குக் கோடு போட்டேன்.
தூரிகை நாலு விரல் அகலம்.
முடிவே இல்லாத அத்தனை தசமங்களும்
அதன் ஒற்றை மயிருக்கு அடியில்
சத்தமில்லாமல் படுத்துக்கொண்டன.

சாயங்காலம் கிரேன் இறக்கியது.
சிவப்பில் ஒரு சாண்
நீருக்குள் போய்விட்டது.
வைனோ என்னைப் பார்க்கவில்லை,
சங்கிலியைப் பார்த்தார்.

சங்கிலி.
நாற்பது மீட்டர் சங்கிலியை
மூடியில் நான் எழுதவே இல்லை.

அவர் சிரித்த சிரிப்பில்
நீர்க்காகங்கள் பறந்தன.
நான் மூடியைத் திருப்பிப் போட்டேன்.
விடை தப்புதான்.
ஆனாலும் பாருங்கள்,
இன்னும் சுழிக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான்
அது மிதக்கிறது.