பச்சைக் காது

இடுப்புக்குக் கீழே, பின்பக்கம்,
அரிசி அளவு எழுத்தில் ஒரு வருடம்: 1966.
விற்க வருகிறவர்கள் எல்லோரும்
அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.
காதுகுத்தும் எண் அது.
அச்சு செய்த வருடம்,
பொம்மை பிறந்த வருடம் அல்ல.
அதே அச்சு, அதே எண்ணோடு
இருபது வருடம்கூடப் பிள்ளை பெறும்.

லைல் ஹக்காலா அதைக் காட்டவில்லை.
இரும்புத்தாதுக் கப்பல்கள் உறைந்து கிடக்கும் பிப்ரவரியில்
டுலூத்தின் மேட்டுச் சாலை ஏறி வந்து
ரொட்டிப் பையிலிருந்து எடுத்து வைத்தார்.
"தங்கச்சியோடது. ஆர்டிஸ்.
காது பச்சையாகிவிட்டது. போகுமா?"

போகும் என்றேன். திரும்பியும் வரும்.
தோட்டின் செம்பு வினைலுக்குள் இறங்கி
கன்னம்வரை பாசி பிடித்திருந்தது.
முகப்பருக் களிம்பை அப்பி,
மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி,
முடிக்கு வெயில் படாமல் துணி கட்டி
ஜன்னலில் சாய்த்து வைக்க வேண்டும்.
ஜூலை என்றால் நாலு நாள்.
பிப்ரவரி வெயில் இங்கே
கடன் வாங்கியவன் மாதிரி
தலைகாட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும்.
"மூன்று வாரம்," என்றேன்.

மூன்று வாரம் ஒரு பொம்மையோடு இருந்தால்
கேட்காததையும் அது சொல்லும்.

கால்கள் பிசுபிசுத்தன.
வயதான வினைல் தன் எண்ணெயைத் தானே கக்கும்.
சோப்பு நீரில் துடைத்துச் சோளமாவு தூவினேன்.
முடியை அலசி, ஸ்ட்ராத் துண்டுகளில் சுருட்டி
வெந்நீரில் முக்கி எடுத்தேன்.
முழங்கால் மூன்று சொடுக்கில் மடிந்தது.
இடை திரும்பியது.
வருடத்துக்குக் கீழே,
நகத்தால் தடவினால் மட்டும் தெரியும்படி:
தைவான்.

அங்கேதான் கை நின்றது.
அறுபதுகளில் இவர்கள் ஜப்பானில் பிறந்தார்கள்.
எப்படி இழுத்தாலும் இவள்
எழுபத்திரண்டைத் தாண்டிப் பின்னால் போகமாட்டாள்.
ஆர்டிஸ் அறுபத்தெட்டில் போய்விட்டாள்.
அவரே சொன்னது,
கூலி எவ்வளவு என்று கேட்ட அதே குரலில்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
நான் பல்லைப் பிடித்துப் பார்த்துப் பிழைக்கிறவள்.
பார்த்தேன்.
கால்விரல்களில் பல்தடம் இல்லை.
கடிக்காமல் விளையாடிய பிள்ளையை
இன்னும் நான் கண்டதில்லை.
முடியில் கத்தரி படவில்லை, உதட்டில் பேனா மை இல்லை.
ஆனால் சட்டைகள் ஏழு.
ஏழிலும் பிரஸ் பட்டன்கள் தேய்ந்திருந்தன,
யாரோ போட்டு, கழற்றி, போட்டு.
நீலச் சட்டையின் ஓரத்தில்
பழைய மடிப்பின் கோடு அப்படியே இருக்க
தையலைப் பிரித்து ஒரு விரல் கீழே இறக்கியிருந்தது.
அதற்குக் கீழே இன்னொரு கோடு.
இன்னொரு முறை இறக்கியிருக்கிறார்கள்.

பொம்மை வளராது.

ரசீதில் 'வருடம்' என்று ஒரு கட்டம் உண்டு.
காலியாகவே நீட்டினேன்.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி,
"இதை நிரப்பவில்லையே, மார்லிஸ்," என்றார்.
நிரப்பினேன். 1972, அல்லது 73.
படித்தார்.
ஒரு கையுறையை மாட்டினார். கழற்றினார்.
"அப்போது நான் கப்பலில் இருந்தேன்.
தையல் மிஷின் ரிப்பேர் என்று
அம்மா எழுதியிருந்தாள். மூன்று டாலர்.
மூன்று டாலரில் என்ன ரிப்பேர் ஆகுமென்று
எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்."

இடது காதில் ஒரு பொட்டுப் பச்சை
போகவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.
கோடையில் கொண்டுவாருங்கள், மறுபடி பார்க்கலாம்.
ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.
ரொட்டிப் பையும் வேண்டாம், வினைலுக்கு மூச்சு முட்டும்.
வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

அவர் மஃப்ளரை அவிழ்த்தார்.
"அது கம்பளி," என்றேன்.
"கார் வரைக்கும்தானே," என்றார்.