பன்னிரண்டு நாள்

வினாக்கொத்து முப்பத்தொரு பக்கம்.
எனக்கு நாட்சம்பளம், பெற்றோல் என் செலவு.
தம்பலகாமத்தில் வாய்க்கால் முடிகிற இடத்தில்
வயலுக்கும் களப்புக்கும் நடுவே
உப்புப் பூத்த வரம்பில்
பவளராணி அக்காவுக்கு முன்னால் குந்தியிருக்கிறேன்.

பக்கம் ஒன்பது.
புதிய நெல்லினத்தால் விளைச்சல் கூடியதா?
"கூடினது."
எவ்வளவு?
"ஏக்கருக்கு ஆறு மூட்டை. எழுது பிள்ளை.
எழுதிப்போட்டு அடுத்ததைக் கேள்."

அடுத்தது, வருமானம் கூடியதா?

அவள் சிரித்தாள்.
சிரிப்புக்கு எங்களிடம் குறியீட்டெண் இல்லை.
தொண்ணூற்றெட்டு என்றால் 'தெரியாது'.
தொண்ணூற்றொன்பது என்றால் 'பதிலளிக்க மறுத்தார்'.
இரண்டிலும் சேராத சிரிப்பு.

ஆறு மூட்டை எல்லார் வயலிலும் கூடினது.
எல்லார் நெல்லும் ஒரே கிழமையில் பழுத்தது.
வெட்டுமெசின்காரன் மணித்தியால வாடகையை ஏற்றினான்.
பொலன்னறுவை லொறி வந்து நின்று
ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து
ஈரம் என்றது, பதர் என்றது,
கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் குறைத்தது.
கூடின மூட்டைகள்
அந்தப் பதினான்குக்குள் இறங்கிக்
காணாமற் போயின.

இந்த நெல்லைப் பிறப்பித்தவரை எனக்குத் தெரியும்.
கலாநிதி மிருணாளினி
ஒற்றைக் கதிரின் மணிகளை
ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணுவார்.
நூற்று நாற்பத்தேழு.
நம்பாமல் மறுபடியும் எண்ணுவார்.
பதினொரு வருடம், மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி.
அவரிடம் இந்தப் பதினான்கு ரூபாயை
எந்த ஊசியால் தள்ளிக் காட்டுவது?

கிண்ணியாவிலிருந்து களை பிடுங்க வரும் ஜெஸீமா
எங்கள் கணக்கெடுப்பில் இல்லை.
காணி இல்லாதவர்
மாதிரிக்குள் வரமாட்டார்.
வரம்பில் ஏறிக் கால் கழுவிக்கொண்டே,
நான் கேட்காமலே சொன்னாள்:
"இந்த மாசம் அரிசி இறங்கியிருக்கு, தங்கச்சி.
புள்ளைகளுக்கு ராவைக்கும் சோறு."
பதினான்கில் எத்தனை ரூபாய்
இவள் பானைக்குப் போனது,
எத்தனை ஆலையில் தங்கியது,
யாரும் தராசில் வைக்கவில்லை.
பவளராணி அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சிறுபோகத்துச் சூரியன்
ரெண்டு பேரின் பிடரியிலும் ஒரேமாதிரி விழுந்தது.

தாள்களை அடுக்கி எழும்பும்போது
"ஒன்றைக் கேட்க மறந்திட்டாய்" என்றாள்.

கந்தளாய்த் தண்ணீர்
இவள் வயலுக்கு வந்து சேரும்போது
ஊரெல்லாம் குடித்து மிச்சம்.
முந்தின நெல் பால்பிடிக்கும் நேரம்
கதவைப் பூட்டிவிடுவார்கள்.
மூன்று போகம் அப்படியே சாவியாகிப்போனது.
இந்த நெல்லுக்குப் பன்னிரண்டு நாள் அவசரம்.
பூட்டு விழுமுன் முற்றிவிட்டது.

"பாங்கில் மகளின்ர தோடு.
இருபத்தொராம் திகதி ஏலமெண்டு கடிதம்.
பதினெட்டாம் திகதி லொறிக்காசு கையில.
குறைஞ்ச காசுதான்.
ஆனா பதினெட்டாம் திகதி, பிள்ளை."

வாய்க்காலுக்கு அப்பால்
ஒரு சின்னப் பெண் ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடினாள்.
காதில் ஏதோ மின்னிற்று,
வெயிலாகவும் இருக்கலாம்.

கடைசிப் பக்கம்: வேறு தகவல்.
கட்டம் பெருவிரல் அளவு.
'எண்ணால் மட்டும் நிரப்புக.'
பன்னிரண்டு என்று எழுதினேன்.
அலுவலகத்தில் எவராவது
பிழையென்று அழித்துவிடக் கூடும்.

மோட்டார்சைக்கிளை உதைக்கும்போது பின்னால் கூப்பிட்டாள்:
"இந்த உப்புக்குத் தாங்கிற நெல் ஏதும்
வச்சிருக்கிறாங்களோ?
கேட்டுச் சொல்லு.
மாரி துவங்க முதல் சொல்லு."

முப்பத்தொரு பக்கத்திலும்
அவள் கேட்பதற்கு ஒரு வரி விடப்படவில்லை.
பேனையைத் திறந்து
என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
வியர்க்குமுன் போய்ச் சேரவேண்டும்.