டிரைவரை விட்டுவிட்டு

துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசில்
என் கோல்ஃப் பையைத் தொங்கவிட்டான் ரூரி.
பதினொரு கிலோ எழுநூறு.
"நாலாம் சுற்றில் இது கன்றுக்குட்டியாகிவிடும், மர்டீனா,
இன்னும் இறக்கு."
கொக்கியில் பை மெல்லச் சுழன்றது,
ஓரத்தில் ஒரு செதிலை ஒட்டிக்கொண்டு.

காலில் சக்கரம் கட்டியவள் என்பார்களே,
எனக்கு ஆறு சக்கரம்.
பள்ளிப் பேருந்து. இருபத்திரண்டு வருடம்.
தீவின் ஒற்றைச் சாலையில் தினமும் நாலு நடை.
நடை என்பது பேருந்துக்கு,
எனக்கு அது உட்கார்ந்திருப்பது.

நாளை, வருடத்தின் நீண்ட பகல்.
இந்த வடக்கில் இருட்டு
வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு
செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடும் நாள்.
மூன்றரைக்கு முதல் பந்து.
எழுபத்திரண்டு குழி.
கடைசிப் பந்து எப்போது விழும் என்று
யாரும் கேட்க வேண்டாம்.

போன வருடம் ஐம்பத்து மூன்றில் நின்றேன்.
எதிர்காற்றாலும் இல்லை, மழையாலும் இல்லை,
இடது பெருவிரல் நகத்தால்.
ஆகவே நகம் ஒரு வாரம் முன்பே வெட்டியாயிற்று.
குதிகாலுக்குப் பிளாஸ்திரி,
விரலிடுக்கில் வாஸ்லின்,
ஒன்பதாம் குழி மரப் பெஞ்சுக்கு அடியில்
பிஸ்கட் டப்பாவில் மூன்றாம் ஜோடிக் காலுறை.
(செம்மறிகள் டப்பாவைத் திறக்காது
என்ற நம்பிக்கையில்.)

ஏப்ரலில் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். மேயில் பையோடு.
அப்பாக்களின் வண்டிகளிலிருந்து பிள்ளைகள்
ஏறிக்கொள்ளும்படி கத்தினார்கள்.
பத்தாம் நாள் கத்தவில்லை.
கையை மட்டும் அசைத்தார்கள்,
வழியில் நிற்கும் ஒரு கம்பத்துக்கு அசைப்பதுபோல.

சரி, இறக்குகிறேன்.
பையின் வயிறு மேசைமேல் கவிழ்கிறது:
விறைத்துப்போன கையுறை,
முப்பத்தொரு மர ஆணி,
இரண்டு வருடத்து ஆப்பிள், அல்லது ஆப்பிளாக இருந்தது,
ஒரு பையன் பேருந்தில் விட்டுப்போன பால்பல்,
காகிதத்தில் பொதிந்து, திருப்பித் தர மறந்து.
பந்தில் பன்னிரண்டு எடுத்து ஏழு வைத்தேன்.
பிறகு எட்டு. பயம் என்பது ஒரு பந்து எடை.

மட்டைகளில் ஆறு போதும்.
டிரைவர் வேண்டாம்.
நீளமானது, கனமானது, காற்றைக் கண்டால்
கடலுக்கே பந்தைச் சீதனம் கொடுப்பது.
கதவோரம் சாய்த்து வைத்தேன்.
டிரைவரை வீட்டில் விட்டுவிட்டு
டிரைவர் போகிறாள் என்று
நானே சொல்லி நானே சிரித்தேன்,
பூனை சிரிக்கவில்லை.

அவித்த முட்டை நாலு, உப்பிட்ட உருளைக்கிழங்கு,
ஓட்ஸ் ரொட்டி, கொசுவலைத் தொப்பி.
பதினான்காம் குழியருகே ஆலாக்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன,
உச்சந்தலையைக் கொத்தும்.
தொப்பிக்குமேல் ஒரு குச்சியைச் செருகினால்
உயரமான குச்சியைத்தான் கொத்துமாம்.
செருகினேன். கண்ணாடியில்
ஆண்டெனா வைத்த கிழட்டு ரேடியோ.

எண்ணிக்கை அட்டை ஒன்றே ஒன்று, முதல் சுற்றுக்கு.
அப்புறம் அடிக்கும் அடியை எண்ணப் போவதில்லை,
எடுத்து வைக்கும் அடியையும்.

மறுபடி தராசு. ஏழு கிலோ தொள்ளாயிரம்.
"இப்போது நல்ல காட் மீன் அளவு" என்றான் ரூரி,
ஏலம் போடுகிற குரலில்.
தானும் வருவதாக மார்ச்சில் சொன்னவன்தான்.
முழங்காலைத் தடவிக்கொண்டே
கொக்கியிலிருந்து பையைக் கழற்றித் தந்தான்,
நானாகக் கேட்கும்வரை பிடியை விடாமல்.

பதினொரு மணி. திரையைத் தாண்டி வெளிச்சம்.
படுத்தேன். கால்கள் மட்டும் படுக்கவில்லை.
இரண்டே காலுக்கு எழுந்து ஷூவை இழுத்துக் கட்ட,
வலது கயிறு
பட்டென்று அறுந்தது.

எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.
கடை எட்டுக்குத்தான் திறக்கும்.
வாளியில் கிடந்த நீல வலைக்கயிற்றைக்
கத்தியால் நறுக்கி,
முனையைத் தீக்குச்சியில் உருக்கி,
துளை துளையாய்க் கோக்கிறேன்.
மீன் நாற்றம் அடிக்கிறது.
வெளியே ஆலாக்கள் ஏற்கெனவே கத்துகின்றன.