முப்பத்திரண்டு அவுன்ஸ்

மின்கட்டண உறையின் பின்புறத்தில்
ஐந்து இடங்களை எழுதியிருக்கிறாள் லொரெட்டா விசாஸ்கி.
காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே
பணிமனையில், காலிப் பேருந்தில்,
ஹீட்டர் முனகலோடு ஒவ்வொன்றாய் அழைத்தாள்.

ஆற்றங்கரைப் பெரிய மருத்துவமனை:
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர், உத்தேசமாக.
அந்த "உத்தேசமாக"வின் அடியில்
இரண்டு கோடு போட்டாள்.

அடுத்த இடத்தில் பதினோரு நிமிடம் பியானோ.
அதற்கடுத்த இடத்தில்
ஐந்து இலக்கக் குறியீட்டு எண் கேட்டார்கள்.
அது தெரியாமல்
அடிவயிற்றுக்கு விலை சொல்ல முடியாதாம்.

எல்லை தாண்டினால் மிச்சிகனில் இருநூற்று முப்பது.
பெட்ரோலையும் அரைநாள் கூலியையும் சேர்த்தால்
அதுவும் மலிவில்லை.

கடைசியாக, டயர் கடைக்குப் பக்கத்துக் கட்டிடம்.
காப்பீட்டு அட்டையைக் காட்டினால் எண்ணூற்று நாற்பது,
காட்டாவிட்டால் இருநூற்று அறுபத்தைந்து.
"காட்டாதீங்க" என்றாள் மறுமுனையில் ஒருத்தி,
யாரோ பின்னால் நிற்பதுபோல் குரலைத் தாழ்த்தி.
மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய அட்டை
பர்ஸுக்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு விதிமுறை வாசித்தாள் அவள்:
முப்பத்திரண்டு அவுன்ஸ் தண்ணீர்.
ஒரு மணி நேரம் முன்னால் குடித்து முடிக்கணும்.
கழிவறைக்குப் போகக் கூடாது.
நீர்ப்பை நிறைந்தால்தான் ஜன்னல் திறந்த மாதிரி
பின்னால் இருக்கும் கருப்பை தெரியும்.

பதினேழு வருடமாக
தண்ணீர் குடிக்காமலிருக்கப் பழகியவள் லொரெட்டா.
காலை வண்டி முடியும்வரை ஒரு மிடறு,
அதுவும் மாத்திரைக்கு.
பேருந்து ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த வித்தை.

வியாழக்கிழமை எட்டு இருபதுக்கு
கடைசிக் குப்பியையும் கவிழ்த்துக் குடித்தாள்.
எட்டு இருபத்தேழுக்கு
தண்டவாளத்தில் சரக்கு ரயில் வந்தது.

டொலீடோவின் சரக்கு ரயிலுக்கு
நல்லது கெட்டது தெரியாது.
முதல் இருக்கையில் டெஸா, இரண்டாம் வகுப்பு,
பெட்டிகளை எண்ணுகிறாள்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
"ஏன் காலை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?"
பாட்டு, என்றாள் லொரெட்டா.
"என்ன பாட்டு?"
எழுபது. எழுபத்தொன்று.
நூற்றுப் பதினாலாவது பெட்டி போனபோது
பிள்ளைகள் கைதட்டினார்கள்.
அவள் தட்டவில்லை. ஸ்டீயரிங்கை விட்டால் எல்லாம் போச்சு.

பரிசோதனை அறையில் ஹனான்
கூழ்க்குழாயைக் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கித் தடவினாள்.
நிரம்பிய இடத்தின் மேலேயே அழுத்தினாள்.
திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது.
க்ளிக். ஓரிடத்தில் நின்று மறுபடி க்ளிக்.
எதையோ இங்கிருந்து அங்குவரை அளந்தாள்.

"பெரிசா?"
"நான் சொல்லக் கூடாதுங்க. டாக்டர்தான் படிச்சுச் சொல்லணும்."
கொஞ்ச நேரம் கழித்து,
"இப்ப நீங்க போகலாம், இடதுபக்கக் கதவு."
இந்த வாரத்திலேயே அவளிடம் யாரும் சொன்ன
மிக நல்ல வாக்கியம் அதுதான்.

பணம் கட்டும் இடத்தில்
ரசீதோடு ஒரு மஞ்சள் காகிதம் தந்தார்கள்.
இருநூற்று அறுபத்தைந்து படம் எடுக்க.
படத்தைப் படிக்க வேறு கணக்கு,
வேறு கம்பெனி, தபாலில் வரும்.
எவ்வளவு?
உத்தேசமாக...
உறையை எடுத்து ஒரு கூட்டல் குறி போட்டாள்.
அதற்கடுத்த இடத்தைக் காலியாக விட்டாள்.

மாலை நடை.
காலிக் குப்பி இருக்கைக்கடியில் உருள்கிறது.
தண்டவாளத்துக்கு முன் வண்டியை நிறுத்துகிறாள்.
ரயில் இல்லை, இருந்தாலும் விதி:
விசிறியை அணைத்து, பிள்ளைகளை அடக்கி,
கதவைத் திறந்து
கேட்க வேண்டும்.

டெஸா உதட்டில் விரல் வைத்துக்கொள்கிறாள்.
குளிர்காற்று படியேறி வருகிறது.
லொரெட்டா வழக்கத்தைவிட
கொஞ்சம் அதிக நேரம்
கேட்டுக்கொண்டிருக்கிறாள்.