உள்சாட்சி

புந்தா அரேனாஸில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர் பிடித்து நடக்க.
விமானத்துக்கு அப்படியொரு கயிறு கிடையாது.
சாந்தியாகோவிலிருந்து வரவேண்டிய பெட்டி
இரண்டு நாள் கழித்து வந்தது.
ஐஸ் பைகள் வெதுவெதுப்பாக, தொளதொளவென்று.
நடுவே ஒரு குழல்,
அடியில் கண்ணீரளவு திரவம்.
என் அரை மாதச் சம்பளம் அது.

அந்த ஆன்டிபாடிக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று.
டி.என்.ஏ. நகலாகும்போது விழும் எழுத்துப்பிழையைத்
தடவித் தடவிக் கண்டுபிடிக்கும் புரதத்தின் முகம்.
புரதம் இருக்குமிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்;
நான் பழுப்புச் சாயம் ஏற்றுவேன்.
இல்லாத இடம் நீலமாகவே நின்றுவிடும்.
எனக்குச் சம்பளம்
அந்த நீலத்தைத் தேடுவதற்குத்தான்.

எங்கோ ஓர் எலி.
அதன் மண்ணீரல் செல்லைப் புற்றுச்செல்லோடு பிணைத்துச்
சாவில்லாத ஒன்றைச் செய்தார்கள்.
எலிக்குப் பெயரில்லை,
கேட்டலாக்கில் எண் உண்டு.
புற்றைக் காட்டிக்கொடுக்கப்
புற்றிடமே ஆயுளைக் கடன் வாங்கியிருக்கிறோம்.
நான் இதையெல்லாம் யோசிப்பது
கைகழுவும் நேரத்தில் மட்டும்.

ஒனோஃப்ரே பார்ரியா, வயது நாற்பத்து மூன்று,
பண்ணை பண்ணையாகப் போய்
செம்மறி மயிர் கத்தரிப்பவர்.
குடலிலிருந்து ஒரு துண்டு,
நான்கு மைக்ரான் தடிமன்.
குடும்ப வரலாறு என்ற கட்டத்தில்
யாரோ அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள்:
தாய். தாயின் தம்பிகள் இருவர்.

மாலை நாலரை. லென்ஸுக்குக் கீழே
முழுக்க நீலம்.
அறுவை மருத்துவர் வெனெகாஸ் போனில்:
"இல்லை என்றே எழுதுங்கள், எடித்தா.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது."

எழுதியிருக்கலாம்.
ஆனால் கட்டியைச் சுற்றி நிற்கும் வெள்ளணுக்கள்,
ஒரு பிழையும் செய்யாத அக்கம்பக்கத்துச் செல்கள்,
அவற்றில் அந்தப் புரதம் இருந்தே ஆகவேண்டும்.
அவையும் நீலம்.
அப்படியென்றால் ஊமையானது சாட்சி.
களவு போனதா என்று
இன்னும் யாருக்கும் தெரியாது.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன்.
அவர் போனை வைத்த சத்தம் எனக்குப் பழக்கம்.

குளிர்பெட்டியின் பின்வரிசையில் பழைய குழல் ஒன்று,
ஏப்ரலில் காலாவதி,
அடியில் இருபது மைக்ரோலிட்டர்.
துணைக்கு எடுத்தேன்
என்றோ ஒரு சிறுமி எங்களிடம் விட்டுப்போன குடல்வாலை.
ஒவ்வொரு முறையும் சரியாகப் பழுக்கும் துண்டு அது;
அவளுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கலாம்.
ராத்திரி முழுக்க ஈரப்பெட்டிக்குள் ஸ்லைடுகள் கிடந்தன.
ஜன்னல் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

காலையில் முதலில் பட்டது பழுப்பு.
வெள்ளணுக்கள், ரத்தக்குழாய்ச் சுவர்கள்,
குடல்வால் முழுக்க,
மழைக்குப் பிந்திய மண்ணைப்போல.
"வந்துவிட்டாயா!" என்று
வாய்விட்டே கத்திவிட்டேன்.
பிறகுதான்,
அத்தனை பழுப்புக்கும் நடுவில்
கட்டி மட்டும் நீலமாக,
விளக்கேற்றிய தெருவில்
ஆளில்லாத வீடு மாதிரி.

என் முகத்தில் இருந்த சந்தோஷத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பது?

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.
எழுதிப்பார்த்தால் இரண்டும் ஒரே சொல்.
டாக்டர் ம்லாதினிச் கையெழுத்திட்டார்,
பேனாவை மூடினார், மறுபடி திறந்து
கீழே ஒரு வரி சேர்த்தார்:
மகள்கள் மூவரையும் மரபணு ஆலோசனைக்கு அழைக்கவும்.
வெனெகாஸ் நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மத்தியானம் நிறுவனத்துக்குப் புகார்ப் படிவம்.
குறை: நிறம் வரவில்லை.
கட்டுப்பாட்டுத் திசுவில்: அதிலும் வரவில்லை.
பெட்டியின் வெப்பம்: பதினேழு டிகிரி.
இதனால் ஏற்பட்ட பாதிப்பு?

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினேன்:
ஒருவர் இன்னும் ஒரு ராத்திரி
ஒன்றும் தெரியாமல் தூங்கினார்.