கால் மணி நேரம்

சனிக்கிழமை மட்டும் கடை சாத்திய பிறகு
ரொட்டி வெட்டும் இயந்திரத்தின் பற்களைத் துடைக்க வேண்டும்.
அதற்குக் கால் மணி நேரம்.
கிளெண்டா பிரிண்டிலின் வாரம் அப்படித்தான்
பதிமூன்றே கால் மணி நேரமாயிற்று.

மிச்ச நேரமெல்லாம் நெவில்.
பக்கவாதம் வருமுன் டிராம் ஓட்டியவர்.
அவர் மணியடித்தால் ஃபிளீட்வுட்டின் கடற்பறவைகூட
தண்டவாளத்தை விட்டு நகரும் என்பார்கள்.
என்பார்கள் என்று அவரே சொல்வார்.
இப்போது வலது கை மடியில் கிடக்கிறது
யாரோ மறந்து வைத்த கையுறைபோல.

தூக்கி உட்கார வைக்க, மழித்துவிட,
இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க
அரசாங்கம் வாரத்துக்குத் தருவது
எண்பத்தொரு பவுண்டு தொண்ணூறு பென்ஸ்.
முப்பத்தைந்து மணி நேரத்துக்குக் குறையாமல்
பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.
முப்பத்தாறாவது மணியிலிருந்து
அதற்குப் பெயர் அன்பு.

இன்னொரு விதியும் உண்டு.
வெளியே சம்பாதிப்பது வாரம்
நூற்று ஐம்பத்தொரு பவுண்டைத் தாண்டக் கூடாது.

ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினார்கள்.
உழைப்பவர் கையில் நாலு காசு நிற்க வேண்டும் என்று
வானொலியில் ஒரு குரல் நெகிழ்ந்தது.
கிளெண்டாவின் கையில் நின்றது
முன்னைவிடப் பதின்மூன்று பவுண்டு ஐம்பத்தொரு பென்ஸ்.
குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினாள்.
வெள்ளிக்கிழமைகளில் ஹேடாக் மீன்,
உறைந்தது இல்லை, அன்றைக்குப் பிடித்தது.
முள்ளெடுத்துத் தருவாள். நெவில்
தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

மணிக்குப் பதினொன்று நாற்பத்து நான்கு,
பதிமூன்றே காலால் பெருக்க வேண்டும்.
பெருக்குவது அவள் வேலைதான்,
ஆனால் தரையை.
கணினி பெருக்கியது.
நூற்று ஐம்பத்தொரு பவுண்டு ஐம்பத்தெட்டு பென்ஸ்.
பெருக்கிவிட்டு
ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை.

பழுப்பு உறை அடுத்த வசந்தத்தில் வந்தது.
வாரம் ஐம்பத்தெட்டு பென்ஸ் கூடுதல்,
ஆகவே அந்த வாரத்து உதவித்தொகை முழுவதும் செல்லாது.
ஐம்பத்திரண்டு வாரம்.
அவள் கூடுதலாகச் சம்பாதித்தது முப்பது பவுண்டு பதினாறு.
திருப்பித் தர வேண்டியது
நாலாயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு எண்பது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அந்தக் கணக்காவது பரவாயில்லை,
சுமைகூலியைச் சுமந்தவனிடமே கேட்க மாட்டார்கள்.

நாற்பத்தேழு நிமிடம் வயலின் கேட்டபின்
தொலைபேசியில் இம்தியாஸ் என்றொரு பையன் கிடைத்தான்.
கூலியை உயர்த்தியது நீங்கள்தானே, என்றாள்.
அது வேறு துறை, மேடம்.
துறைகள் பேசிக்கொள்வதில்லையா?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, எழுதிவைக்காத குரலில் அவன் சொன்னான்:
வாரத்தில் கால் மணி நேரம்
குறைவாக வேலை செய்திருந்தால் போதும்.

வாரம் இருபது பவுண்டு வீதம்
இருநூற்றுப் பதின்மூன்று வாரம்.
நெவிலிடம் சொல்லவில்லை.
ஹேடாக் எங்கே என்று அவர் கேட்கவும் இல்லை,
கேட்காததிலிருந்து தெரிந்துகொண்டாள்.

மேலாளரிடம் போய்
என் வேலையைக் குறையுங்கள் என்று கேட்டாள்.
சம்பள உயர்வு கேட்கவும் அவள் இவ்வளவு கூசியதில்லை.
இயந்திரத்தை இப்போது ஒரு கல்லூரிப் பெண் துடைக்கிறாள்,
மூலையில் துகள் நிற்கிறது.

டிராமின் நேரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.
சனிக்கிழமை இரவு கிளெண்டா
நிறுத்தத்து இரும்புப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள்,
விற்கக் கூடாத கால் மணி நேரத்தோடு.
காற்று கடலிலிருந்து மணலைக் கொண்டுவந்து
காலணிமேல் போடுகிறது.
அவள் அதைத் தட்டுகிறாள்,
தட்டிவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று
திரும்பிப் பார்க்கிறாள்.