திரிச்சு வருமோ

கஞ்சிக்கோட்டில் காற்று கிழக்கிலிருந்து அடித்தால்
மதுக்கரைச் சிமெண்டும் கூடவே வரும்.
வாளையாரில் அதை யாரும் நிறுத்திச் சோதிப்பதில்லை.
நேரே எங்கள் கம்பி ஆலைக்குள் புகுந்து
இரும்புப் பொடியோடு கலந்து
லேப்டாப் விசிறிகளில் குடியேறிவிடும்.
ஆறு வருடமாக அதைத்தான்
பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அறை முன்பு காகித ஸ்டோர்.
ஜன்னல் இல்லை.
ஏசி உண்டு, எனக்கல்ல, சர்வருக்கு.

பழுதானால் இங்கே வரும், இல்லையேல் வெளியே போகும்.
வெளியே என்றால் கோயம்புத்தூர்.
பக்கம்தான், ஆனால் இன்னொரு மாநிலம்.
அதனால் சலான் மூன்று பிரதி, சீரியல் எண்,
'விற்பனைக்கு அல்ல' முத்திரை, செவ்வாய்க்கிழமை வேன்.
டிஸ்கைக் கழற்றி என் மேசையில் பூட்டிவைப்பேன்.
கணக்கு எதுவும் எல்லை தாண்டக் கூடாது.
"ஆளை அனுப்பிட்டு உசிரைப் புடிச்சு வெச்சுக்கறியே"
என்பாள் அக்கவுண்ட்ஸ் பாத்துமுத்து.

ஏப்ரலில் அவளுடையது போய்
பதினெட்டாம் நாள் திரும்பியது.
மகன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கரைக் காணோம்.
பில்லில் அதற்கும் ஒரு வரி:
கிளீனிங், நானூற்றைம்பது.

நான் பார்த்தால் பில் கிடையாது.
அதனால் நான் பார்த்தது எதுவும்
எங்கேயும் இல்லை.

நேற்று சசீந்திரன் சாருடையது.
"சகாயா, இதுல தோசை சுடலாம்" என்று
பாதித் தமிழில் சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

பதினொரு திருகு.
இடம் மாறாமல் காலண்டர் தாளில் குத்திவைத்தேன்.
தூசு ஒரே துண்டாக வந்தது, சாம்பல் நிறக் கம்பளி போல.
பழைய பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.
ஸ்பிரிட்டால் துடைத்து
பச்சைப்பயறு அளவு புதுப்பசை வைத்து மூடினேன்.
பசை அறுபது ரூபாய்.
நேரம் எழுதக் கட்டமில்லை.

ஆன் ஆனதும் அதுவே கேட்டது:
சூட்டில் அணைந்தபோது சேமிக்காத கோப்பு ஒன்று இருக்கிறது,
மீட்கட்டுமா?
காது விசிறியில் இருந்தது.
கை என்டரைத் தட்டிவிட்டது.

இரண்டு பத்திகள்.
இடப்பக்கம் 'உள்ளே':
சகாயா சம்பளம், பி.எஃப்., அறை ஏசிக்குக் கரண்ட், போனஸ்.
வலப்பக்கம் 'வெளியே':
கோவைக் கம்பெனி, ஆண்டு ஒப்பந்தம்,
முப்பத்திரண்டு லேப்டாப், தலைக்கு இவ்வளவு.

அந்த ஏசி என்னுடையதல்ல என்று
யாரிடம் போய்ச் சொல்ல?

கோபம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
பழக்கம் முந்திக்கொண்டது. கூட்டிப் பார்த்தேன்.
இடப்பக்க ஃபார்முலா கடைசி வரியை விட்டிருந்தது.
போனஸ் சேரவில்லை.
பதினாறாயிரம் மலிவாக இருந்தேன்.
அப்படியும் தோற்றிருந்தேன்,
நாலாயிரத்துச் சொச்சத்தில்.

வலப்பக்கத்தில் பதினெட்டு நாள் இல்லை.
செவ்வாய் வேனுக்கு டீசல் இல்லை.
டைனோசர் இல்லை.
சேர்த்தெழுத ஒரு நிமிடம் போதும்.
பாஸ்வேர்டும் தெரியும்,
முப்பத்திரண்டு பேருடையதும் தெரியும்.

சேமிக்கட்டுமா என்றது.
எழுதியது எழுதியபடி சேமித்தேன்.
தொலைந்ததை மீட்டுத் தருவதும் இந்தச் சம்பளத்துக்குள்தான்,
அதற்கும் அவர் வரி போடவில்லை.
வேலைத்தாளில் எழுதினேன்:
குறை சூடு. காரணம் தூசு. டேட்டா பத்திரம்.

ஏழு மணிக்கு கேட்டில்
குட்டேட்டன் பையைத் திறக்கச் சொன்னார்.
டிபன் பாக்ஸ், பிரஷ், மடித்த காலண்டர் தாள்.
தாளில் ஒரே ஒரு திருகு மிச்சம்.
ரிட்டர்னபிள் புத்தகத்தைப் பிரித்து
"திரிச்சு வருமோ?" என்றார்.
விளையாட்டுக்குத்தான். தினமும் இதைத்தான் கேட்பார்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஹார்ன் அடித்தது.
வரும் சேட்டா, எழுதிக்கோங்க என்றேன்,
திருகு சாருடையது.